படத்தில் சுரந்த பால்

லண்டனிலிருந்து படங்கள் வந்து இறங்கிய ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில், ராயபுரம் சித்திரசாலையின் மூன்றாவது கூடத்தில் மாட்டியிருந்த ஆயா படத்தில், ஆயாவின் மார்ச்சேலை நனைந்தது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நனைந்தது, பிறகு உள்ளங்கை அளவுக்கு நனைந்தது, பிறகு வரைந்திருந்த சேலையின் மடிப்பு வழியாகவே வழி தேடிக்கொண்டு இறங்கி, பொன் பூசிய சட்டத்தின் இடது மூலைக்கு வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கி, தரையில் சொட்டியது. நான் அந்தக் கூடத்தில் தரை துடைக்கிறவள். என் பிள்ளை பவிஷாவுக்கு அப்போது நாலு மாதம். பதினோரு மணி அவள் பால் குடிக்கிற நேரம் என்பதால் அந்த நேரத்துக்கு வேலையில் இருந்தாலும் எனக்கு மார்பு ஊறிவிடும். அதனால் தரையில் வெள்ளையாகச் சொட்டியிருந்ததைப் பார்த்ததும் என்னுடையதுதானோ என்று பயந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். என் ஜாக்கெட் காய்ந்துதான் இருந்தது. சரி, பினாயில் வாளி தளும்பியிருக்கும், பினாயில் கலந்த தண்ணீரும் இதே வெள்ளைதானே என்று நினைத்து, துடைப்பத் துணியால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்து, வாளியோடு கொண்டுபோய்க் கழிவறைக் குழியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

நான் செய்த தப்பு அதுதான்.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் முப்பத்தொன்று. விக்டோரியா மகாராணி காலத்தில் வரைந்தவை என்று வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கண்காட்சியில் வரைந்தவர்களைவிட, வரைவதற்காக அசையாமல் உட்கார்ந்த பெண்களுக்குத்தான் மரியாதை. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை, இங்கிலீஷிலும் தமிழிலும். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஒரு நாளைக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொண்டேன். துணி வெளுத்தவள் ராணியாக உட்கார்ந்திருந்தாள், தொப்பிக் கடையில் தைத்தவள் கடல்கன்னியாகப் படுத்திருந்தாள், பூ விற்றவள் கையில் விளக்கோடு புனிதவதியாக நின்றாள், சாராயக் கடையில் கோப்பை கழுவியவளுக்கு முதுகில் இறக்கை வைத்திருந்தார்கள். அட்டையில் அவர்கள் பெயர் இருந்தது, பிறந்த தெரு இருந்தது, எந்த நோவில் செத்தார்கள், யாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள், யார் கட்டிக்கொள்ளாமல் விட்டுப்போனான் என்பதெல்லாம் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின வேற்று ஊர்க்காரிகள், ஆனாலும் படித்து முடித்தால் பக்கத்து வீட்டுக்காரியின் கதையைக் கேட்ட மாதிரி இருக்கும்.

ஒரு படத்துக்கு மட்டும் அட்டை சின்னது. 'மதராஸ் ஆயா, நீதிபதியின் குழந்தையுடன். 1874. மாதிரியாக அமர்ந்தவர்: பெயர் தெரியவில்லை.' அவ்வளவுதான். இருபது வயசு இருக்கும் அவளுக்கு. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கையில் ஒற்றை வெள்ளி வளையல். மடியில் துரையின் குழந்தை, நுரை மாதிரி லேஸ் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, இடது பக்கம், வாசலில் யாரோ வந்து நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எங்கள் காம்பவுண்டில் தையல் மிஷின் வைத்திருக்கிற ஜைத்தூன் அக்காதான் பவிஷாவைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளையின் அப்பா விசைப்படகில் போகிறவர், போனால் பதினைந்து நாள், இருபது நாள். பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தேன். சப்பினாள். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி சப்பினாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். காலையில் கனத்துக் கிடந்த மார்பு, எடுத்துப் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி ஆகியிருந்தது. வெந்தயம் வேகவைத்துக் குடித்தேன், பூண்டு தின்றேன், சுறாப் புட்டு வைத்துத் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. டப்பாப் பாலை நாக்கில் வைத்தால் பவிஷா மூக்கு வழியாகத் துப்பினாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் படம் மறுபடி நனைந்தபோது தேசம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அக்கா அங்கே இருபது வருஷமாகத் துடைக்கிறவர். விரலில் தொட்டு மோந்து பார்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"நேத்தும் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"இன்னா பண்ணே?"

"பினாயில் தண்ணின்னு நெனச்சுட்டேங்கா. தொடச்சு… கக்கூஸ்ல ஊத்திட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நீயெல்லாம் புள்ள பெத்தவளாடி? தாய்ப்பாலை மிதிபட வுடலாமா? ஊறிப்போனா செடி மூட்டுல ஊத்துவாங்க, செவுத்துல பீச்சுவாங்க, இல்லாங்காட்டி வெள்ளைத் துணியில ஒத்தி எடுப்பாங்க. ஒருத்தி பாலை சாக்கடையில ஊத்திட்டு வூட்டுக்குப் போயி உன் புள்ளைக்குக் குடுத்தா எப்டிடி வரும்?"

நான் அக்காவிடம் எனக்குப் பால் நின்றுபோனதைச் சொல்லியிருக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே அழுதேன். படத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா தன் முந்தானையை விரித்துப் பிடித்தார்.

மூன்றாம் நாள் பவிஷாவின் பாலாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். பிள்ளைக்குப் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், என் பிரசவத்துக்கு ஜைத்தூன் அக்கா வாங்கிக்கொடுத்தது. சட்டத்தின் மூலைக்குக் கீழே பிடித்தேன். படங்களுக்கு முன்னால் கட்டிய கயிற்றைத் தாண்டினால் கூவுகிற மணி ஒன்று உண்டு. காவலுக்கு நிற்கிற தணிகாசலம் அண்ணன் என்னைப் பார்த்தார், பாலாடையைப் பார்த்தார், போய் மணியை அணைத்துவிட்டு வந்து, "சீக்கிரம் பிடிம்மே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ப் புகட்டினேன். பவிஷா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். அன்றிலிருந்து என் பிள்ளை 1874-ஆம் வருஷத்துப் பாலைக் குடித்து வளர்ந்தாள், கன்னம் வைத்தாள், அங்கன்வாடித் தராசில் சிவப்புக் கோட்டிலிருந்து மஞ்சள் கோட்டுக்கு ஏறினாள்.

இது எல்லாருக்கும் தெரிந்துபோனது. தெரியாமல் இருக்குமா? முதலில் கட்டட இஞ்சினியர் வந்து மாடி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, மழையே இல்லாத ஆடி மாதத்தில் எங்கே ஒழுகுவது என்று தானே கேட்டுக்கொண்டு போனார். அப்புறம் ஏ.சி. மெக்கானிக் வந்து குளிர்காற்று படத்தில் பட்டு வேர்க்கிறது என்றார், வேர்வை எப்படி இனிக்கும் என்று தேசம்மா அக்கா கேட்டதற்கு அது தன் வேலை இல்லை என்றார். ஆபீசில் அதற்கென்று ஒரு நோட்டு போட்டு, 'மூன்றாவது கூடம், நீர்க்கசிவு' என்று தினமும் எழுதி, பெரிய ஆபீசர் தினமும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு காசிமேட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள், வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தார்கள், மாதாகோயில் தெருவிலிருந்து ஜெபமாலையோடு வந்தார்கள். பால் வற்றினவர்கள் வந்தார்கள், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டவர்கள் வந்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மார்பை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவள் ஒருத்தி வந்து படத்துக்கு எதிரே பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுப் போனாள். கற்பூரம் கூடாது, பூ கூடாது, மஞ்சள் குங்குமம் கூடவே கூடாது, வரைந்த படம் கெட்டுப்போகும் என்று தணிகாசலம் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவர்கள் சின்னச் சின்னக் காலுறைகளையும் தொப்பிகளையும் கயிற்றின் ஓரமாக வைத்தார்கள். அண்ணன் அவற்றைச் சாயங்காலம் எண்ணிப் பார்த்து அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குக் கொடுத்தனுப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து கடல்கன்னியைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆயாவுக்கு முன்னால் மட்டும் சத்தமில்லாமல் போனார்கள். பத்து நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. பதினோரு மணிக்கு சங்கு ஊதுகிற மாதிரி, பதினோரு மணிக்குப் படம் சுரக்கும், அவ்வளவுதான்.

அட்டையை யாரோ உரக்கப் படித்தபோதுதான் தேசம்மா அக்காவுக்குக் கோபம் வந்தது. "பேரு தெரியலையாமே! தெரியலைன்னா இன்னா அர்த்தம்? எவனாச்சும் கேட்டானா? கேட்டும் அவ சொல்லலைன்னா தெரியலைன்னு எழுது. கேக்காம வுட்டுட்டு தெரியலைன்னு எழுதுனா அது அவ தப்பு மாதிரி இல்ல கீது?"

"நாமளே ஒரு பேர் வெச்சுடுவோங்கா" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்.

"போடி. பெத்தவங்க வெச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும். அத்தை மாத்த நாம யாரு?"

அதனால் அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. 'அவ' என்றால் அவள்தான் என்று ஆகிவிட்டது.

பெண்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். துரை வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனவள் என்றால் அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும், பிள்ளை பெறாமல் பால் ஏது? தாயின் பாலை இன்னொரு வீடு வாங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளை அரிசிக் கஞ்சித் தண்ணியில் எத்தனை நாள் தாங்கும்? செத்துத்தான் போயிருக்கும். செத்த பிள்ளைக்குப் பால் ஊற்றியிருக்க மாட்டார்கள். அதுதான் ஏங்கிச் சுரக்கிறது. செத்தவர்களுக்கு மறுநாள் குழிமேட்டில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். இந்தப் பிள்ளைக்குக் குழி எங்கே என்று யாருக்குத் தெரியும்? கடலில் ஊற்றினால் எங்கே இருந்தாலும் போய்ச் சேரும் என்று தேசம்மா அக்கா சொன்னார். அன்றைக்கு எனக்குப் பாலாடை அளவு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு செம்பில் பிடித்து, முப்பது நாற்பது பேர் வெயிலில் நடந்துபோய், காசிமேட்டுக் கரையில் நின்று, பெயர் தெரியாததால் 'கண்ணு' என்று மட்டும் கூப்பிட்டு ஊற்றினோம். அக்காதான் முதலில் மாரடித்தார். நாங்களும் அழுதோம். திரும்பி வரும்போது, ஒரு வேலை முடிந்தது, இனி அவள் நிம்மதியாக இருப்பாள் என்று எல்லாருக்கும் தோன்றியது. எனக்கு மட்டும் நாளைக்குப் பவிஷாவுக்கு என்ன செய்வது என்ற பயம்.

மறுநாள் இரண்டு பங்கு வந்தது. சட்டத்தின் இரண்டு மூலையிலும் சொட்டியது. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததோ, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ. துரைக் குழந்தையின் லேஸ் துணி முழுக்க ஈரம்.

படம் கெட்டுப்போய்விடும் என்று பயந்து லண்டனுக்குச் சொல்லி, படங்களோடு வந்திருந்த கிளேர் மேடம் எக்ஸ்ரே மிஷின் ஒன்றை வரவழைத்தார். நரைத்த முடியும் தட்டைச் செருப்புமாக இருப்பார், ஒவ்வொரு படத்தையும் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். மனுஷர்களுக்கு எடுக்கிற மாதிரியே படத்துக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்ததைக் கூடத்திலேயே, படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் விளக்கு வைத்து மாட்டினார்கள்.

துரைக் குழந்தைக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தது.

லேஸ் இல்லை, தொப்பி இல்லை. அரைஞாண் மட்டும் கட்டிய குழந்தை, அவள் மடியில், வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கண்ணையும் அகல விழித்துக்கொண்டு கிடந்தது. நாலைந்து மாதம் இருக்கும். பவிஷா வயசு.

கிளேர் மேடம் மெதுவாகப் பேசினார். தணிகாசலம் அண்ணன் முன்பு துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வண்டி ஓட்டியவர், அவர்தான் எங்களுக்குச் சொன்னார். "அவங்க இன்னா சொல்றாங்கன்னா, வரைஞ்சவரு மொதல்ல இவ சொந்தக் கொயந்தையத்தான் மடியில வெச்சு வரைஞ்சுகினு இருந்திருக்காரு. ஜட்ஜ் தொரை வந்து பாத்துட்டு, 'யோவ், என் வூட்டு செவுத்துல மாட்டற படத்துல இவ புள்ள எதுக்குய்யா'ன்னிருக்காரு. ஒடனே அதும் மேலயே தொரை கொயந்தைய வரைஞ்சு மூடிட்டாரு."

"ஜட்ஜு யோவ்னா பேசினாரு?" என்றார் தேசம்மா அக்கா.

"அர்த்தம் அதான். குறுக்க பேசாதம்மே." அண்ணன் மேடம் மேற்கொண்டு சொன்னதைக் கேட்டார். பிறகு சொன்னார். "வரைஞ்சவரு தங்கச்சிக்கு லெட்டர் எழுதிகிறாரு. இவ கல்லு மாதிரி ஒக்காருவாளாம். தெனம் பதினோரு மணிக்கு மட்டும் ஆடிப்பூடுவாளாம். அந்நேரத்துக்கு ஒருத்தி இவ கொயந்தையத் தூக்கிகினு வாசல்ல வந்து நிப்பாளாம், பால் குடுத்து அனுப்ப. ஆனா… பதினோரு மணிக்குத்தான் அந்த ரூம்ல வெளிச்சம் நல்லா இருக்குமாம். அதனால எந்திரிக்க வுடமாட்டாராம்."

அவள் எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

தேசம்மா அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "உசுரோட கீற புள்ளைக்குப் பால் ஊத்திட்டு வந்துட்டமேடி" என்றார். "பசியில வாயத் தொறந்துகினு கீது. நாம போயி செத்தவங்களுக்கு ஊத்தற மாதிரி கடல்ல ஊத்திட்டு வந்தமே."

அக்கா அப்படிச் சொல்லும்போது என் கையில் பாலாடை இருந்தது, நிறைந்து, வாய்க்கு ஒரு துணி கட்டி. நான் வீட்டுக்கு ஓடிப்போய் பவிஷாவுக்குப் புகட்டினேன். அன்றைக்கும் புகட்டினேன், மறுநாளும் புகட்டினேன், அதற்கு அடுத்த நாளும் புகட்டினேன். எக்ஸ்ரே படத்தில் அந்தக் குழந்தை விழித்துக்கொண்டே இருந்தது, நான் அதைப் பார்க்காமல் பாலாடையை நீட்டி நீட்டிப் பிடித்தேன். துரை வீட்டு அம்மாவும் என்னை மாதிரித்தான் பார்க்காமல் இருந்திருப்பாள். அவளுக்கும் பால் வற்றியிருக்கும், அவள் பிள்ளையும் அழுதிருக்கும். அவள் பெரிய பங்களாவில் இருந்தாள், நான் காம்பவுண்டில் இருக்கிறேன், ஆனால் இரண்டு பேரும் எடுத்தது ஒரே மார்பிலிருந்து.

ஜைத்தூன் அக்காவிடம் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "கஞ்சி வெச்சுப் பாப்போம்" என்றார். "ஆறு மாசம் ஆவலதான். ஆனா படம் அடுத்த வாரம் போயிடும்ல? அப்புறம் என்ன பண்ணுவே?" புழுங்கலரிசியை வறுத்துப் பொடித்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுத்தார். பவிஷா அதைக் கன்னத்தில் வழியவிட்டு, பாலாடை எங்கே என்று என் இடுப்பைப் பார்த்தாள்.

கண்காட்சி முடிய நாலு நாள் இருந்தது. தேசம்மா அக்காவிடம் போய், "அந்தக் கொழந்தைக்குக் குடுத்துடலாங்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது குடிச்சுட்டா அப்பாலே இவளுக்கு சுரக்காதுடி. யாருக்குக் குடுக்கணும்னு சுரக்குதோ அது குடிச்சுட்டா நின்னுடும். உம் புள்ளைக்கு இன்னும் நாலு நாளைக்கு இருக்கு. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன்" என்றேன். யோசித்திருக்கவில்லை. யோசித்தால் செய்ய மாட்டேன் என்று தெரியும்.

அக்கா எழுந்துபோய் எக்ஸ்ரேயைச் சாணால் அளந்தார். கீழ்ச் சட்டத்திலிருந்து இரண்டு சாண், இடது பக்கத்திலிருந்து ஒன்றரைச் சாண், வாய் அங்கே. படத்தில் அந்த இடத்தில் லேஸ் துணியின் ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது.

பதினோரு மணிக்குச் சுரந்தது. கூடத்தில் இருபது பெண்கள் இருந்தார்கள், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டிலோ ரயிலிலோ ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் கூட இருக்கிறவர்கள் எப்படி எழுந்து நின்று முந்தானையை விரித்து மறைப்பார்களோ, அப்படி எங்களைச் சுற்றி மறைத்து நின்றார்கள். சேலை கட்டியவர்கள் சேலையை விரித்தார்கள், துப்பட்டா போட்டவர்கள் துப்பட்டாவை விரித்தார்கள், பர்தா போட்டவர்கள் கையை அகட்டி நின்றார்கள். தணிகாசலம் அண்ணன் மணியை அணைத்தார். "பால் குடுக்கற எடத்துல ஆம்பளைக்கு இன்னா வேலை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பட்டா இடுக்கு வழியாகப் பார்த்தேன், வாசலில் கிளேர் மேடம் நின்றுகொண்டிருந்தார். கையில் அவர் எப்போதும் வைத்திருக்கிற பேனா விளக்கு. என்னைப் பார்த்தார். பாலாடையைப் பார்த்தார். 'நோ' என்று சொல்ல வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவரும் மெதுவாகத் திரும்பி நின்றுகொண்டார்.

பாலாடையின் மூக்கை லேஸ் சுருக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை, ஒரு சொட்டு மட்டும் சாயத்தின் மேல் வழிந்தது. "பச்சப் புள்ளைக்கு ஒடனே வருமா, வாயில பட்டாத்தான் தெரியும்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பிறகு இழுத்தது. பால் கொடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த முதல் இழுப்பு. பாலாடை காலியானது, மறுபடி பிடித்தேன், மறுபடி காலியானது. ஏழு பாலாடை. எட்டாவதில் பாதியிலேயே இழுப்பு மெதுவானது, விட்டு விட்டு இழுத்தது, நின்றது. சட்டத்தின் மூலையில் கடைசியாக ஒரு சொட்டு தொங்கியது, விழவில்லை.

பாதிப் பாலாடை மிச்சம் இருந்தது. அதை ஆயாவே விட்டுவைத்தாள் என்று வைத்துக்கொண்டேன். பவிஷாவுக்குக் கொண்டுபோய்ப் புகட்டினேன். அந்தப் பாலைப் பவிஷா கடைசியாகக் குடித்தது அதுதான்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கூடத்தில் எல்லாரும் நின்றார்கள். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. சேலை காய்ந்தே இருந்தது. தூரத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி என்னைக் காட்டி, "இவதானா நிறுத்துனவ?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஆபீஸ் நோட்டில் 'நீர்க்கசிவு இல்லை' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்கள்.

பவிஷா மூன்று நாள் அழுதாள். அழுது அழுது குரல் போய், சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள், எக்ஸ்ரேயில் இருந்த குழந்தை மாதிரியே. அங்கன்வாடித் தராசு மறுபடி சிவப்புக்கு வந்தது. டீச்சர் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் ஜைத்தூன் அக்கா மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே விரலால் கஞ்சியைத் தொட்டு உதட்டில் தடவினார், அவள் வேறு வழி இல்லாத மாதிரி அந்த விரலைச் சப்பினாள். எனக்குப் பால் திரும்பி வரவில்லை.

அதே நாலாம் நாள்தான் படங்களைக் கட்டினார்கள். வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு படத்துக்கும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ராணி போனாள், கடல்கன்னி போனாள், இறக்கை வைத்தவள் போனாள், அவரவர் பெயரோடும் தெருவோடும் போனார்கள். ஆயா படத்துக்கு மட்டும் கிளேர் மேடம் இன்னொரு தடவை எக்ஸ்ரே எடுத்தார். எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்தார், பழையதைப் பக்கத்தில் வைத்தார். நானும் தேசம்மா அக்காவும் தணிகாசலம் அண்ணனும் பின்னால் போய் நின்றோம்.

அரைஞாண் இருந்தது. மடி இருந்தது. வாய் மூடியிருந்தது. இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

மேடம் இரண்டு எக்ஸ்ரேயையும் ரொம்ப நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு தாளை எடுத்து ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா எழுதினாங்க?" என்று தேசம்மா அக்கா கேட்டார்.

தணிகாசலம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "'மாற்றம் எதுவும் இல்லை'ன்னு."

அக்கா எக்ஸ்ரேக்குக் கிட்டே போய், குழந்தையின் முகத்தைப் பார்த்து, குரலை அடக்கி, "அண்ணே, தூங்குதா, இல்ல…" என்று ஆரம்பித்தார்.

"தூங்குது" என்றார் அண்ணன், அக்கா முடிக்கிறதற்குள்.

படத்தைப் பஞ்சு வைத்த மரப்பெட்டிக்குள் இறக்கினார்கள். மூடுகிறதற்கு முன்னால் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது மாறவில்லை, வரைந்தது வரைந்ததுதான். பாலாடையைப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று நினைத்தேன். பிறகு அது பவிஷாவுடையது என்று நினைத்துக்கொண்டு இடுப்பிலேயே செருகிக்கொண்டேன்.

நாலு ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். படியில் இறங்கும்போது ஒரு மூலை சுவரில் இடித்தது. தணிகாசலம் அண்ணன் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தார்.

"மெதுவாடா, டேய். கொயந்தை தூங்குது."

தூக்கியவர்கள் எந்தக் குழந்தை என்று கேட்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, பாதத்தை ஊன்றி ஊன்றி, வண்டி வரைக்கும் மெதுவாகவே நடந்தார்கள்.